ஹான்லே மடத்தின் மேல் பால்வீதி: கட்டடத்துக்கு ஒளி எங்கிருந்து வர வேண்டும்?

செங்காந்தள்

வரும் மே மாதக் கடைசியில் லடாக்கின் ஹான்லேக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். அங்குள்ள குன்றின் மீது நிற்கும் 17ஆம் நூற்றாண்டுப் பௌத்த மடத்தையும், அதன் பின்னால் எழும் பால்வீதியையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பயணத்தின் முதல் நோக்கம். முழுச்சட்டக் கேமரா, 20 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், உறுதியான முக்காலி ஆகியவை கைவசம் உள்ளன.

அங்கே போய்வந்த ஒருவர், நிலவில்லாத இரவில் மடம் வெறும் கருப்பு உருவமாகத்தான் விழும் என்றும், ஆகவே சிறிய எல்இடி பேனல் ஒன்றைக் கொண்டுபோய்ச் சில நொடிகள் சுவரின் மீது ஒளி பாய்ச்ச வேண்டும் என்றும் சொன்னார். வேறொருவர், மாலையிலேயே மடத்தைப் படமெடுத்துவிட்டு, இரவு வானத்தைத் தனியாக எடுத்து இரண்டையும் இணைத்தால் போதும் என்கிறார். முதலாவது அந்த இடத்துக்குப் பொருந்துமா என்ற ஐயமும், இரண்டாவது நேர்மையான படமா என்ற ஐயமும் எனக்கு இருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி.

வடதுருவன்

எல்இடி பேனலை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். இதை நாகரிகம் கருதி மட்டும் சொல்லவில்லை. நல்ல படம் வேண்டுமென்றாலும் அதுவே சரி.

ஹான்லேயில் மடத்துக்கு எதிரே தெரியும் சரஸ்வதி மலையில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. அங்குள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக இயக்குகிறார்கள். காமாக் கதிர்களின் விளைவாக வளிமண்டலத்தில் தோன்றும், நொடியில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரமே நீடிக்கும் நீல ஒளிக்கீற்றுகளைப் பதிவு செய்யும் 21 மீட்டர் 'மேஸ்' தொலைநோக்கியும் அங்கேதான் 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. இந்தக் கருவிகளின் பொருட்டும், உள்ளூர் மக்களின் வருமானத்தின் பொருட்டும், 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள வீடுகளில் கனத்த திரைச்சீலை போட்டு, வெளிவிளக்குகளுக்கு மூடி மாட்டி, வண்டி ஓட்டுபவர்களிடம் முகப்பு விளக்கைத் தாழ்த்தச் சொல்லி அந்த இருளைக் காக்கிறார்கள். ஊரார் தம் சன்னலையே மூடி வைத்திருக்கும் இடத்தில், விருந்தாளி விளக்கோடு போய் நிற்பது முறையாகாது.

இனிப் படத்துக்கு வருவோம். மடத்தின் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டவை. ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். கேமரா நிற்கும் பக்கத்திலிருந்து பேனலைக் காட்டினால் சன்னல், மாடம், படிக்கட்டு எல்லாவற்றின் நிழலும் அழிந்து, கட்டடம் அட்டையில் வெட்டி ஒட்டியதைப் போலத் தட்டையாகிவிடும். குன்றோ இருட்டிலேயே கிடக்கும், சுவர் மட்டும் தனியே மிதக்கும். இணையத்தில் காணும் இத்தகைய படங்களில் வானம் எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும் கண் சுவரிலேயே போய் நிற்பதற்கு இதுதான் காரணம்.

உங்களுக்குத் தேவையான விளக்கு வளர்பிறைதான். அமாவாசை கழிந்த நான்காம் அல்லது ஐந்தாம் நாளைத் தேர்ந்தெடுங்கள். மே மாதத்தில் அந்திவானத்தில் சூரியப் பாதை செங்குத்தாக நிற்பதால், இளம்பிறை வெகுநேரம் மேற்கு வானில் தங்கும். ஹான்லேயில் ஏறக்குறைய இரவு பதினொரு மணி வரை இருக்கும். மே 20ஐ ஒட்டிய நாட்களில் அங்கே சூரியன் மறைவது ஏழு மணி கடந்து சில நிமிடங்களில். வானம் முழுமையாக இருள ஒன்பது மணியாகிவிடும். ஆக, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மடத்தின் மேல் மெல்லிய, சாய்வான, குன்று முழுவதிலும் சீராகப் படரும் ஒளி கிடைக்கும். அந்த நேரத்தில் முக்காலியை அசைக்காமல் நிறுத்தி, எஃப்/2.8 திறப்பு, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, ஒரு நிமிடம் என்று தொடங்கி, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ நிலப்பகுதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு காத்திருங்கள். பதினொன்றே கால் மணியளவில் பிறை மறைந்திருக்கும். பால்வீதியின் மையம் தென்கிழக்கில் சுமார் 15 பாகை உயரத்துக்கு வந்திருக்கும். அதே இடத்தில், அதே முக்காலியில், அதே சட்டகத்தில் வானத்தை எடுங்கள்.

நீங்கள் தென்கிழக்கைப் பார்த்து நிற்கும்போது பிறை உங்கள் வலது தோளுக்குப் பின்னால் இருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, பகலிலேயே குன்றைச் சுற்றி நடந்து நிற்கும் இடத்தை முடிவு செய்துகொள்வது அவசியம்.

ஒரு சிறு எச்சரிக்கை: அரை நிலா என்றால் முழு நிலாவில் பாதி வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பிறை அதனினும் மிகக் குறைவு. எனவே திரையில் படம் இருட்டாகத் தெரிகிறதே என்று பதறி ஐஎஸ்ஓவை ஏற்றிவிட வேண்டாம், நேரத்தை நீட்டுங்கள்.

ஒற்றைச்சட்டகம்

வடதுருவன் ஐயா கூறிய முறை அழகானதுதான்; ஆனால் செங்காந்தள் கேட்ட இரண்டாவது ஐயத்துக்கு அது விடையாகாது. ஒன்பதரை மணிக்கு எடுத்த மடத்தையும் பதினொன்றரை மணிக்கு எடுத்த வானத்தையும் சேர்த்தால், நிலவொளியில் நனைந்த கட்டடத்தின் மேல் நிலவில்லா வானம் இருக்கும் படம் ஒன்று கிடைக்கும். அப்படியொரு கணம் அந்த இரவில் இருந்ததே இல்லை. கண்ணால் காண முடியாததைக் காட்டிவிட்டு, ஹான்லேயில் இப்படித்தான் இருக்கும் என்று கீழே எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

மடம் கருப்பு உருவமாக விழுந்தால்தான் என்ன? விளிம்புக்கோடு தெளிவாக இருந்து, பின்னால் பால்வீதியின் மையம் இருக்கும் தனுசு மண்டலத்தின் செறிவு வந்தாலே படம் நிறைவுபெறும். ஒரே எக்ஸ்போஷர், ஒரே கோப்பு.

வடதுருவன்

ஒற்றைச்சட்டகம் அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் "கண்ணால் காண முடியாதது" என்ற அளவுகோலை வைத்தால், ஒரே எக்ஸ்போஷரில் எடுத்த பால்வீதியும் தேறாது. இருபது நொடி சேர்த்து வைத்த ஒளியை எந்தக் கண் பார்த்திருக்கிறது? அத்துடன், இருளில் நம் கண் நிறத்தை ஏறக்குறைய முழுவதுமாக இழந்துவிடும், கேமரா இழப்பதில்லை. எந்த இரவுப் படமும் இந்த அளவுக்குக் கண்ணைக் கடந்ததுதான்.

வான் சுழற்சியை ஈடுசெய்யும் டிராக்கரை வைத்து எடுப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது. டிராக்கர் வானத்தோடு கேமராவைத் திருப்புவதால் விண்மீன்கள் புள்ளியாக நிற்கும், மடம் இழுபட்டுக் கலங்கும். அதை நிறுத்தினால் மடம் கூர்மையாகும், விண்மீன்கள் கோடாகும். ஹான்லே ஆய்வகத்தின் பொறுப்புப் பொறியாளர் தோர்ஜே ஆங்சுக் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட காணொளியைப் பாருங்கள். விண்மீன்கள் அசையாமல் நிற்க, லடாக்கின் நிலம் முழுவதும் அவற்றின் கீழே சுழன்று போகும். அதில் நிலம் சாய்வதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. பூமிதான் சுழல்கிறது என்பதை அதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

என் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. கேமரா நகராமல், அதே இரவில், அந்தத் திசையில் உண்மையாகவே எழுந்த வானத்தைச் சேர்ப்பது ஒரு வகை. வடக்கைப் பார்த்து எடுத்த மடத்தின் மேல் தெற்கில் எழும் பால்வீதியை ஒட்டுவதும், 20 மி.மீ. நிலத்தின் மேல் 50 மி.மீ. வானத்தை ஊதிப் பெரிதாக்கி வைப்பதும் வேறு வகை. இரண்டாவதைத்தான் பொய் என்பேன். முதலாவதைச் செய்பவர் இரண்டு எக்ஸ்போஷர்களின் நேரத்தையும் படத்தின் கீழே எழுதிவிட்டால் எவரும் ஏமாறுவதில்லை.

ஒற்றைச்சட்டகம்

நேரத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலோர் குறிப்பிடுவதில்லை என்பதே என் குறை. மற்றபடி, பிறை மறைவதற்குச் சற்று முன், மையம் எட்டு ஒன்பது பாகை எழுந்திருக்கும்போது ஒரே சட்டகமாகவும் எடுத்துப் பார்க்குமாறு செங்காந்தளைக் கேட்டுக்கொள்கிறேன். வானம் சற்று வெளிறும். ஆனால் கட்டடத்திலும் வானத்திலும் ஒளி ஒன்றாக இருக்கும். அதன் இசைவு தனி.

லே_வாசி

பணி நிமித்தமாக லேயில் வசிப்பவன் என்ற முறையில், லென்ஸ் கணக்குகளுக்கு அப்பால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கோம்பா (மடம்) திபெத்தியப் பௌத்தத்தின் துருக்பா மரபைச் சேர்ந்தது. லடாக் அரசர் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்தது. இன்றும் துறவிகள் வாழ்ந்து, விடியும் முன்பே எழுந்து வழிபடும் இடம் அது. இரவு பதினொரு மணிக்கு அவர்கள் உறக்கத்தில் இருப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு சுற்றுலாக் குழுவினர் நள்ளிரவில் சக்திவாய்ந்த டார்ச்சைச் சுவரில் அடித்து, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்ததை அடிவாரத்திலிருந்து பார்த்தேன். மேலே ஒரு சன்னல் திறந்தது, யாரோ எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே பகலில் மேலே ஏறிச் சென்று, அங்குள்ள லாமா ஒருவரைக் கண்டு, இரவில் எந்த இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி பெறுங்கள். மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவரையும் சோர்டெனையும் (பௌத்தத் தூபி) கடக்கும்போது அவை உங்கள் வலப்பக்கம் இருக்குமாறு நடக்க வேண்டும். முக்காலியின் காலை மணிக்கற்களின் மேல் ஊன்றக் கூடாது. எழுத்துப் பொறித்த அந்தக் கற்கள் இருட்டில் சாதாரணக் கற்குவியலாகத் தெரியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். தெரு நாய்கள் இரவில் கூட்டமாகத் திரியும். தனியாகச் செல்லாமல், தங்கும் வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி கையாளப் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் வீட்டில் தங்கினால் வானமும் தெரியும், வழியும் தெரியும்.

எல்லைக் கோட்டுக்கு அருகிலுள்ள பகுதி அது. டிரோன் பறக்கவிடுவதும் இராணுவ நிலைகளைப் படமெடுப்பதும் வேண்டவே வேண்டாம். விண்மீனைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் அடிக்கும் பழக்கம் இருந்தால், அதையும் விட்டுவிட்டு வாருங்கள்.

ஜவ்வாது_மலையான்

வாணியம்பாடிப் பக்கத்துக்காரன் என்பதால் ஒரு வார்த்தை. ஹான்லே ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனத்தின் காவலூர் ஆய்வகம் எங்கள் மலையில்தான் உள்ளது, அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் செயல்படத் தொடங்கியது. அன்று அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இருளும் ஒரு காரணம். இன்று அடிவானத்தைச் சுற்றிலும் ஊர்களின் வெளிச்சம் ஏறியிருக்கிறது. ஆகையால், ஹான்லேயில் ஒரு பேனலால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுடன் என்னால் உடன்பட முடியவில்லை.

செங்காந்தள்

அனைவருக்கும் நன்றி. பேனலைக் கைவிட்டுவிட்டேன். இன்னொரு கேள்வி. ஹான்லேயில் எடுத்த பல படங்களில் அடிவானத்துக்கு மேலே பச்சை நிறம் படர்ந்திருக்கிறது. சிலவற்றில் அது அலையலையாகவும் இருக்கிறது. இது மென்பொருளில் செய்த மிகையா, அல்லது வெள்ளைச் சமநிலைக் கோளாறா? இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலுள்ள கீ மடத்தில் எடுத்த படங்களில் அடிவானம் மஞ்சளாக இருப்பதையும் கவனித்தேன்.

நிறமாலை

கீ மடத்தின் மஞ்சள், பள்ளத்தாக்கில் சற்றுத் தொலைவிலுள்ள காசா நகரின் விளக்குகளால் வருவது. ஹான்லேயின் பச்சை அப்படியல்ல. அது வளிமண்டலமே உமிழும் ஒளி. வான் ஒளிர்வு என்பார்கள்.

பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்கின்றன. இரவில் அந்த அணுக்கள் மீண்டும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதி, 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளியாக வெளியேறுகிறது. தரையிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாக இது நிகழ்கிறது. நேர் மேலே பார்க்கும்போது அப்படலத்தைக் குறுக்காகக் கடந்துவிடுகிறோம். அடிவானத்தின் பக்கம் பார்க்கும்போது அதன் ஊடே நெடுந்தூரம் பார்க்கிறோம். எனவே தாழ்வான வானில் பச்சை செறிவாகத் தெரிகிறது. மிகவும் கீழே போனால் காற்றே ஒளியை விழுங்கிவிடுவதால், பத்துப் பதினைந்து பாகை உயரத்தில்தான் அது உச்சம் பெறும். உங்கள் படத்தில் பால்வீதியின் மையம் பதினொன்றே கால் மணிக்கு நிற்கப்போவதும் அதே உயரத்தில்தான்! கீழிருந்து மேலெழும் காற்றலைகள் அந்தப் படலத்தை மடித்துவிடுவதால் சில இரவுகளில் வரிவரியாகவும் தோன்றும். சிவப்புச் சாயல் இருந்தால் அது 630 நானோமீட்டர் ஒளி. 250 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து வருவது.

இதைத் துருவ ஒளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹான்லே அட்சத்தில் துருவ ஒளி தெரிய வலுவான சூரியப் புயல் வேண்டும். 2024 மே 10, 11 இரவில் ஹான்லேயின் வடக்கு வானம் சிவந்தது அவ்வகைப்பட்டது. வான் ஒளிர்வு எல்லா இரவிலும், எல்லா ஊரிலும் உண்டு. நகரத்தில் அது விளக்கொளியில் மூழ்கிப்போகிறது, அவ்வளவே.

எடிட்டிங்கில் பச்சையை முழுவதுமாகத் துடைத்து வானத்தை ஒரே நீலமாக்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ரா கோப்பாக (கேமரா பதிவு செய்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். வெள்ளைச் சமநிலையை 4,000 கெல்வினை ஒட்டி ஓரிடத்தில் நிறுத்துங்கள். பச்சை சற்று மிகையாகத் தெரிந்தால் அதன் செறிவை மட்டும் குறையுங்கள்.

தென்பொதிகை

எனக்கும் ஒரு கேள்வி. தென் வானத்தில் அகத்திய நட்சத்திரத்தையோ தென் சிலுவையையோ மடத்தின் மேல் வைத்து எடுக்க முடியுமா? எங்கள் ஊரில் இரண்டும் நன்றாகத் தெரிகின்றன.

நிறமாலை

ஹான்லே ஏறக்குறைய 32.8 பாகை வட அட்சத்தில் உள்ளது. எனவே துருவ நட்சத்திரம் அங்கே கிட்டத்தட்ட 33 பாகை உயரத்தில் நிற்கும். டிராக்கரை ஒழுங்கு செய்பவர்களுக்குச் சென்னையின் 13 பாகையோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. தென் வானம் அதே அளவுக்குத் தாழ்ந்துபோகும். அகத்திய நட்சத்திரம் உச்சத்திலும் நாலரை பாகைக்கு மேல் ஏறாது. சுற்றிலும் மலைகள் இருப்பதால் அதை எதிர்பார்க்க வேண்டாம். மேலும், மே மாத இரவில் அதற்குப் பருவமும் இல்லை. தென் சிலுவையின் கீழ்ப் பகுதி அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பால்வீதியின் மையம் சென்னையில் 48 பாகை வரை ஏறும், ஹான்லேயில் 28 பாகையோடு நின்றுவிடும். படமெடுப்பவருக்கு இது இழப்பன்று. மையம் தாழ்வாக இருப்பதால்தான் 20 மி.மீ. லென்ஸிலேயே மடமும் மையமும் ஒரே சட்டகத்தில் அடங்குகின்றன.

வடதுருவன்

இன்னும் சில நடைமுறைக் குறிப்புகள். 20 மி.மீ. லென்ஸுக்கு "500 வகுத்தல் குவியத்தூரம்" என்ற விதி, விண்மீன்கள் கோடாகாமல் எடுக்கக்கூடிய நேரமாக 25 நொடி கொடுக்கும். இன்றைய அடர்ந்த சென்சார்களில் அந்த அளவில் விண்மீன்கள் நீண்டுவிடும். 10 முதல் 13 நொடிக்குள் நிறுத்தி, எஃப்/2, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400இல் பதினைந்து இருபது சட்டகங்களைத் தொடர்ந்து எடுத்து, பிறகு மென்பொருளில் அடுக்கினால் இரைச்சலும் (படத்தில் தோன்றும் புள்ளிப் புள்ளியான கறை) குறையும், செயற்கைக்கோள் கோடுகளும் போய்விடும்.

மே மாதத்திலும் அங்கே நள்ளிரவு உறைபனிக்குக் கீழே இறங்கும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும் சமையலறைக்குள் கேமராவை நேராகக் கொண்டுபோனால், தேநீர் ஆவியெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில்தான் படியும். வெளியிலேயே அதைக் காற்றுப்புகாத நெகிழிப் பையில் இட்டு மூடி, விடியும் வரை திறக்காமல் விடுங்கள். நினைவட்டையை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம்.

மடத்தின் மேல் கட்டியிருக்கும் வழிபாட்டுக் கொடிகள் காற்றில் ஆடிக் கலங்கும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். கட்டடம் கூர்மையாகவும் கொடிகள் கலங்கியும் இருப்பது அந்த இடத்துக்கு உண்மையானது.

லே_வாசி

எல்லாவற்றுக்கும் மேலாக உடல்நிலை. விமானத்தில் வந்தால் லேயிலேயே 3,500 மீட்டர். அங்கே குறைந்தது இரண்டு முழு நாள் ஓய்வெடுக்காமல் ஹான்லேக்குக் கிளம்பாதீர்கள். ஹான்லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். பகலில் எளிதாக ஏறிய குன்றில் இரவில் முக்காலியோடு ஏறும்போது மூச்சு வாங்கும். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் படத்தை மறந்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும்.

செங்காந்தள்

என் திட்டத்தை இப்படி மாற்றிக்கொண்டேன். லேயில் மூன்று இரவு. பிறகு நியோமா வழியாக ஹான்லே. அங்கே வளர்பிறைச் சதுர்த்தியிலிருந்து சஷ்டி வரை மூன்று இரவு. முதல் நாள் பகலில் அனுமதி பெற்று நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஒற்றைச்சட்டகம் அவர்கள் சொன்ன ஒரே எக்ஸ்போஷரையும், வடதுருவன் ஐயா சொன்ன இரட்டை எக்ஸ்போஷரையும் ஒரே இரவில் எடுத்து, நேரங்களைக் குறிப்பிட்டு இங்கேயே பதிவிடுகிறேன். வானிலையையும் விண்மீன் நிலையையும் அங்கிருந்தபடியே கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

லே_வாசி

உங்கள் சிம் பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா என்று முதலில் பாருங்கள். வெளிமாநிலப் பிரீபெய்டு எண்கள் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டாக இருந்தாலும் ஹான்லேயில் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தையும் மூன்று நாட்களுக்கான நிலவு மறையும் நேரத்தையும் லேயிலிருந்து புறப்படும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலியைப் பார்க்கும்போது திரையின் ஒளியை அடியோடு குறைத்து, சிவப்பு இரவுப் பயன்முறையில் வைத்துக்கொள்ளுங்கள். இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை வெள்ளைத் திரையைப் பார்த்தால், மீண்டும் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

ஒற்றைச்சட்டகம்

சஷ்டியன்று பிறை மறைய நள்ளிரவைத் தாண்டிவிடும். அன்று வானத்தை எடுக்க ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டியிருக்கும். சதுர்த்தியையே முதன்மை இரவாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மேகத்துக்கான மாற்றாக வையுங்கள்.